அண்ணாவுக்கு மனசு சரியில்லை, கையில் காசும் இல்லை: எங்கே போவது?

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "அண்ணா மூன்று மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. இரவில் நித்திரை இல்லை, யாரோடும் கதைப்பதும் இல்லை. போன கிழமை, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி' என்றார். தனியாரிடம் காட்ட வசதியில்லை. ஊருக்குத் தெரிந்தால் என் கல்யாணப் பேச்சு குழம்பிவிடும் என்று அம்மா பயப்படுகிறா. காசில்லாமல் எங்கே காட்டலாம்?"

தங்கச்சி, அண்ணா சொன்ன அந்த வசனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்றைக்கே, அவர் தனியாக இருக்கும்போது பக்கத்தில் இருந்து நேராகக் கேளுங்கள்: "அண்ணா, சாக வேணும் என்று யோசிக்கிறீங்களா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி வராது. ஒருவர் கேட்டாரே என்று பாரம் இறங்கியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். வீட்டில் பூச்சிமருந்தோ கூடுதலாகக் குளிசைகளோ இருந்தால் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். இதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமாக நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது.

"ஓம்" என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொலிஸ் வழக்காகுமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது 1998ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் குற்றம் இல்லை.

அவ்வளவு அவசரம் இல்லையென்றால் முதலில் 1926க்கு எடுங்கள். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம். அண்ணாதான் எடுக்க வேண்டும் என்றில்லை, நீங்களே எடுத்து "என் அண்ணாவைப் பற்றிக் கேட்க வேணும்" என்று சொல்லலாம்.

நேரில் காட்டுவதற்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வைத்தியரைப் பார்ப்பதும் மருந்தும் அங்கே இலவசம். ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) துண்டு எடுக்கும்போது "நித்திரைப் பிரச்சினை, மனசு சரியில்லை" என்று சொன்னால் போதும், எங்கே போக வேண்டும், எந்த நாள் கிளினிக் என்று சொல்வார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று அண்ணா பயப்படலாம். கட்டிப்போடவோ ஊசி போட்டு மயக்கவோ போவதில்லை. ஒரு மேசை, இரண்டு கதிரை. நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, காலையில் எழும்பும்போது மனசு எப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்பார். தைரொய்ட் குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதித் தரலாம்.

ஊருக்குத் தெரியுமே என்ற அம்மாவின் பயத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நம்மூரில் அது வெறும் பயமும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்த முகம் நிற்கும் என்றால் பஸ் ஏறி டவுனுக்கே போங்கள். வைத்தியரிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது. அதுவும் இப்போதைக்குக் கஷ்டம் என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் போகலாம். செயலகத்துக்கு ஆயிரம் அலுவலாக ஆட்கள் போய்வருவதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவர் மருந்து தர மாட்டார், இருந்து கதைப்பார், தேவையென்றால் வைத்தியரிடம் அனுப்புவார். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது மெதுவாக அவரிடம் சொல்வதும் ஒரு நல்ல வழிதான்.

அண்ணாவிடம் "உங்களுக்கு மனநோய்" என்று தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். "விசர்" என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. "இரவிரவாக முழிச்சிருக்கிறீங்க, நித்திரைக்கு ஒருக்கா காட்டுவம், நானும் வாறன்" என்று சொல்லுங்கள். அவர் மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் போய்க் கதைத்துவிட்டு வாருங்கள். அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தால் அதையும் செய்யட்டும். அதற்காகக் கிளினிக் நாளைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

குளிசை தந்தால் மனசில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். முதல் கிழமையில் வயிற்றைப் பிரட்டலாம், பல பேர் அந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சுகமானதும் தானாக நிறுத்துவதும் கூடாது.

போகும் முன் ஒரு கொப்பித் தாளில் எழுதி வையுங்கள்: எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, ஓரிரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை, குடிக்கிறாரா, வேறு என்ன மருந்து எடுக்கிறார். போன கிழமை அவர் சொன்ன அந்த வசனத்தையும், சொன்னபடியே எழுதிக் கொண்டுபோங்கள்.