கோடு வேற, கோட் வேற: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். அப்பாவோட பருப்புக் கடைக் கணக்கை இப்ப நான்தான் பாக்குறேன். ஈமேக்ஸ்ங்கற டெக்ஸ்ட் எடிட்டர்ல ஆர்க் மோட் (எழுத்து, டேபிள், கோட் எல்லாம் ஒரே ஃபைல்ல வைக்கிற வசதி) ஃபைல் ஒண்ணு வச்சு அதுல டேபிள் போட்டு, கீழயே பைத்தான் கோட் எழுதி மொத்தம் பாக்குறேன். பிரச்சனை என்னன்னா டேபிள்ல இருக்குற நம்பரையே மறுபடி கோட்டுக்குள்ளயும் கையால அடிக்கிறேன். போன வாரம் டேபிள்ல உளுந்தை 40 வீசைன்னு திருத்திட்டு கோட்ல திருத்த மறந்துட்டேன், அப்பாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். டேபிள்ல இருக்குறதை கோட் தானா எடுத்துக்க வழி இருக்கா?
(பருப்புக் கடைப் பையன், ரங்கூன்)

பதில்: இருக்கு தம்பி, நீ ஏற்கனவே வச்சிருக்குற ஃபைல்லயே இருக்கு, புதுசா எதுவும் இறக்க வேணாம். கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத ஊர்ல பழைய லேப்டாப்ல டெக்ஸ்ட் ஃபைலா கணக்கு வச்சிருக்க பாரு, அதுக்கே உனக்கு ஒரு டீ வாங்கித் தரணும்.

டேபிளுக்கு நீ பேர் வைக்கலன்னு நினைக்கிறேன். பேர் இல்லாத ஆளை எப்படிக் கூப்பிடுறது? டேபிளுக்கு நேர் மேல ஒரு வரி: ஹேஷ், பிளஸ், நேம், கோலன், அப்புறம் ஒரு பேர். நம்ம பத்திரிகைல இங்கிலீஷ் எழுத்து அச்சுல ஏறாது, அதனால வாயால சொல்ற மாதிரி எழுதுறேன், நீ ஃபைல்ல இங்கிலீஷ்லயே அடி. உன் டேபிளுக்கு 'ஸ்டாக்'னு பேர் வச்சதா வச்சுக்கோ. நம்பர் எல்லாம் சும்மா உதாரணத்துக்குத்தான், இதைப் பாத்து யாரும் விலை கேட்டு கடைக்குப் போயிடாதீங்க:

| சரக்கு | வீசை | வீசை விலை (சாட்) |
|---
| உளுந்து | 40 | 5000 |
| துவரை | 25 | 6000 |
| கடலை |  | 5500 |

இப்ப கோட் பிளாக் ஆரம்பிக்கிற வரியோட கடைசில கோலன் வார், ஒரு ஸ்பேஸ், டேட்டா, சமக்குறி, ஸ்டாக்னு போடு. அவ்வளவுதான். டேட்டாங்கற வேரியபிள்ல உன் டேபிள் முழுசும் வந்து உக்காந்துடும், பைத்தானுக்கு அது லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட், ஒவ்வொரு வரிசையும் ஒரு லிஸ்ட். நம்பர் மாதிரி இருக்குற கட்டம் நம்பராவே வரும், மத்ததெல்லாம் எழுத்தா வரும். கன்ட்ரோல் சி ரெண்டு தடவ தட்டுனா ஓட்டவான்னு கேக்கும், யெஸ் சொன்னா ரிசல்ட் கீழ டேபிளாவே வந்து விழும். அப்படிக் கேக்குறது தொல்லைன்னு சில பேர் அதை ஆஃப் பண்ணிடுறாங்க, உன் சொந்த ஃபைலுக்கு மட்டும்னா சரி, அடுத்தவங்க அனுப்புன ஃபைலைத் திறக்குற பழக்கம் இருந்தா அதுல கை வைக்காத.

இந்த வேலையைச் செய்யுற பகுதிக்குப் பேர் பேபல். ஆர்க் மோடை 2003ல கார்ஸ்டன் டொமினிக்னு ஒரு வானியல்காரர் ஆரம்பிச்சாரு, பேபலை எரிக் ஷுல்டியும் டேன் டேவிசனும் அப்புறமா சேத்தாங்க. பைத்தான், ஆர், ஷெல்னு பல மொழி கோட் எல்லாம் ஒரே ஃபைல்ல இருந்துக்கிட்டு டேபிள் வழியா ஒண்ணுக்கொண்ணு சரக்கு கைமாத்திக்கலாம். கோட் பிளாக்குக்கும் இதே மாதிரி பேர் வச்சுட்டா அதோட ரிசல்ட்டை அடுத்த பிளாக் அந்தப் பேரைச் சொல்லியே வாங்கிக்கும்.

இனிமேதான் எல்லாரும் அடிவாங்குற இடம், நானும் வாங்கியிருக்கேன்.

மொதல்ல தலைப்பு வரிசை. தலைப்புக்குக் கீழ கோடு போட்டிருக்க இல்ல (கோட் இல்ல தம்பி, கோடு), அதைப் பாத்துட்டு ஆர்க் தானாவே ஒரு முடிவு எடுக்கும், தலைப்பைக் கழட்டிட்டு மிச்சத்தை மட்டும் பைத்தானுக்குக் கொடுக்கும். மொத வரிசை தலைப்புன்னு நினைச்சு நீயும் கோட்ல அதை ஒதுக்குனா உளுந்து காணாமப் போயிடும், எர்ரரும் வராது, மொத்தம் மட்டும் குறையும். கணக்குல இதைவிட மோசம் வேற இல்ல. அதனால அது தானா முடிவு பண்ண விடாத, கோலன் கால்நேம்ஸ்னு எழுதி யெஸ்ஸா நோவான்னு நீயே சொல்லிடு. யெஸ்னா தலைப்பைக் கழட்டி வச்சுக்கிட்டு ரிசல்ட் மேல திரும்ப மாட்டும். நோன்னா தலைப்பும் மொத வரிசையா கோட்டுக்கே வரும். உனக்கு நாலாவதா 'தொகை'ன்னு ஒரு பத்தி வேணும் இல்லையா, அப்ப நோ போட்டு தலைப்பை நீயே கட்டிக்கோ, இல்லன்னா நாலு பத்திக்கு மூணு தலைப்பு மாட்டி வச்சிருக்கும். தலைப்புக்கு அடுத்து லிஸ்ட்ல ஒரு நன் (பைத்தான்ல 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்ற மதிப்பு) போட்டா அந்த இடத்துல கோடு விழும், பாக்க அழகா இருக்கும்.

ரெண்டாவது, ஒரே ஒரு கட்டம் மட்டும் வேணும்னா டேபிள் பேருக்குப் பக்கத்துலயே சதுர அடைப்புல வரிசை நம்பர், கமா, பத்தி நம்பர் போடலாம். எண்ணிக்கை 0ல இருந்து ஆரம்பிக்கும், இது உனக்குத் தெரியும். ஆனா இங்க அந்தக் கோடும் ஒரு வரிசையா எண்ணப்படும்! தலைப்பு 0, கோடு 1, உளுந்து 2, துவரை 3. அப்ப துவரை எத்தனை வீசைன்னா [3,1]. கண்ணுக்குத் தெரியுற வரிசையை எண்ணி [2,1]னு போட்டா உளுந்தோட 40 வரும், நீயும் துவரை வந்துடுச்சுன்னு சந்தோஷமா இருப்ப.

மூணாவது, கடலைக்கு வீசை போடாம விட்டிருக்க. வெறும் கட்டம் 0 ஆகாது, வெறும் எழுத்தா, அதாவது ஒண்ணுமில்லாத ஸ்ட்ரிங்கா போகும். அதை 5500ஆல பெருக்குனா பைத்தான் கத்தாது, இன்னொரு ஒண்ணுமில்லாததைத் திருப்பிக் கொடுக்கும், கூட்டுற இடத்துலதான் கத்தும். காலியா இருந்தா 0ன்னு கோட்லயே ஒரு வார்த்தை சொல்லிடு. 5,000னு நடுவுல கமா போட்டு எழுதுற பழக்கத்தையும் விட்டுடு, அது நம்பரா போகாது.

ஆங், ரிட்டர்ன் மறந்துடாத. செஷன் (பைத்தானை மூடாம தொடர்ந்து திறந்து வைக்கிறது) இல்லாம ஓட்டுற பைத்தான் பிளாக்ல கடைசில ரிட்டர்ன்னு சொல்லித் திருப்பிக் கொடுத்தாதான் டேபிள் வரும், இல்லன்னா நன்னு ஒண்ணு வந்து நிக்கும்.

இவ்வளவும் சொல்லிட்டு இன்னொண்ணும் சொல்றேன், கோவிச்சுக்காத. வீசை பெருக்கல் விலை மட்டும்தான் வேணும்னா உனக்கு பைத்தானே தேவையில்ல. டேபிளுக்குக் கீழ டிபிஎல்எஃப்எம் (டேபிள் ஃபார்முலா) வரி ஒண்ணு போட்டு $4=$2*$3ன்னு எழுதி அந்த வரில நின்னு கன்ட்ரோல் சி ரெண்டு தடவ, முடிஞ்சது. எக்ஸ்போர்ட் பார்ட்டிக்கு டன் கணக்கு கொடுக்குறப்பதான் கோட் உதவும், ஒரு வீசை 1.633 கிலோ, அப்ப ஒரு டன்னுக்கு 612 வீசை சொச்சம், இதை ஒரே ஒரு இடத்துல எழுதி வச்சுட்டா அப்பாவுக்கும் உனக்கும் சண்டை வராது.

கேள்வி: ஐயா, கோயில்ல ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்குறேன். பிள்ளைங்க மார்க்கை இன்னொரு டீச்சர் ஃபோன்ல அடிச்சு அனுப்புவாங்க, பர்மிய எண்ல இருக்கும், அதை அப்படியே ஆர்க் மோட் டேபிள்ல ஒட்டிடுவேன். பைத்தான்ல ஒரு பிள்ளைக்கு 45உம் 38உம் கூட்டுனா 4538னு வருது. எழுத்தை முழு எண்ணா மாத்துற இன்ட் போட்டுப் பாத்தேன், பாதிப் பிள்ளைங்களுக்கு சரியா வருது, மீதிக்கு எர்ரர்.
(வாசகி, மோல்மேன்)

பதில்: டீச்சர், 4538 மார்க் எடுத்த பிள்ளைக்கு மொதல்ல என் வாழ்த்துகள். பர்மிய எண்ணை ஆர்க் மோட் எண்ணா பாக்குறதில்ல, எழுத்தா அனுப்புது, எழுத்தையும் எழுத்தையும் கூட்டுனா பக்கத்துல பக்கத்துல ஒட்டும், அதான் 4538. இன்ட் போட்டது ரொம்பச் சரி, பைத்தானோட இன்ட்டுக்கு பர்மிய எண்ணும் தெரியும், ஏன் நம்ம தமிழ் எண்ணே தெரியும், ௧௨னு கொடுத்தா 12ன்னு சொல்லும். (௰ கொடுத்தா மட்டும் முழிக்கும், பத்துக்குன்னு தனி எழுத்து வச்ச நம்ம முறை அதுக்குப் பழக்கமில்ல.)

அப்ப மீதிப் பிள்ளைங்களுக்கு ஏன் எர்ரர்? மார்க்ல சுழியம் இருக்குற பிள்ளைங்களா பாருங்க, 40, 50, 70. பர்மிய எழுத்துல 'வ'வும் சுழியமும் ஒரே வட்டம், கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது. ஃபோன்ல அவசரமா அடிக்கிறவங்க எண் பக்கத்துக்குப் போகாம 'வ'வையே தட்டிட்டுப் போயிடுவாங்க. நம்ம கவும் ௧உம் மாதிரி, உவும் ௨உம் மாதிரிதான். மனுசனுக்கு ரெண்டும் ஒண்ணு, மெஷினுக்கு வேற வேற. 2019 அக்டோபர்ல நாடே ஜாஜீங்கற பழைய பர்மிய ஃபான்ட்ல இருந்து யூனிகோடுக்கு மாறுன பிறகும் இது தீரல, ஏன்னா இது ஃபான்ட் தப்பு இல்ல, விரல் தப்பு.

இன்ட்டுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி 'வ'வை சுழியமா மாத்துற ரீப்ளேஸ் ஒண்ணு போடுங்க, ஆனா மார்க் பத்திக்கு மட்டும். பேர் பத்திலயும் சேத்துப் போட்டா பாக்குறப்ப ஒண்ணும் தெரியாது, பின்னாடி பிள்ளை பேரைத் தேடுறப்ப கிடைக்கவே கிடைக்காது.

கேள்வி: நான் ஆர் மார்க்டவுன்ல (எழுத்தும் ஆர் மொழி கோட்டும் ஒரே ஃபைல்ல வைக்கிற முறை) எழுதுறேன். நடுவுல போட்ட டேபிளை கோட் படிக்குமா?
(வாசகர், பெகு)

பதில்: படிக்காது. அங்க போக்குவரத்து ஒருவழிப் பாதை, கோட்ல இருந்து டேபிள் வெளிய வரும், கையால போட்ட டேபிள் உள்ள போகாது. டேட்டாவை பக்கத்துல ஒரு சிஎஸ்வி ஃபைல்ல வச்சு அங்கிருந்து படிங்க, எழுத்துலயும் அதையே அச்சடிக்கச் சொல்லுங்க. ஒரே ஃபைல்ல ஆரும் பைத்தானும் ரெண்டும் வேணும்னா ரெட்டிகுலேட் பேக்கேஜ் போட்டுக்கலாம், ஆர்ல இருந்து பை, டாலர் குறி, பேர்னு எழுதுனா பைத்தான் டேபிள் வரும், பைத்தான்ல இருந்து ஆர், புள்ளி, பேர்.