இசைக் கேள்வி – பதில்: மடகஸ்கார் மேடைப் பியானோ

கே: மடகஸ்காரில் நாடகத்துக்குப் பியானோ வாசித்தே பேரெடுத்த ஒருவர் இருந்தாராமே, யார்? – வாசகர், கொக்குவில்

ப: நாக்க ரபேமனந்த்சுவாவைத்தான் கேட்கிறீர்கள் போலும். (மடகஸ்கார் மொழியான மலகாசியில் ‘ஓ’ என்று எழுதுவதை ‘உ’ என்றுதான் சொல்வார்கள்.) 1892இல் பிறந்து 1952இல் மறைந்தவர். 1920 முதல் 1945 வரை, தலைநகர் அந்தனனரிவோவில் உள்ள இசூட்ரி நகர நாடக அரங்குக்கு இசையமைத்தார். ஒப்பரெட்டா என்னும் ஐரோப்பிய இலகு இசை நாடகத்தோடு மலகாசிப் பியானோ நடையும், குரல்கள் சேர்ந்து இழையும் பாட்டு முறையும் கலந்து உருவானது ‘காலுனி ஃபாஹினி’. ‘முன்னாளையப் பாடல்’ என்று பொருள். அதைத் தொடக்கிவைத்தவர்களுள் இவர் ஒருவர்.

எங்கள் இசை நாடகத்தில் ஆர்மோனியம் பாடுபவரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஓடும். மலகாசிப் பியானோ பிடித்துக்கொண்டது வலிஹாவை. மூங்கில் குழாயைச் சுற்றி நீளவாக்கில் தந்தி கட்டிய வாத்தியம் அது. முன்பு மூங்கிலின் தோலையே கீறி நெம்பித் தந்தியாக்கினார்கள். பிறகு சைக்கிள் பிறேக் கம்பியின் இழைகள் வந்தன. ச ஒரு கையில், ரி மறுகையில், க மீண்டும் முதற்கையில் என்று சுரங்கள் மாறிமாறி விழும்.

கே: வீட்டுக் கீபோர்ட்டில் அந்த நடையைப் பழகலாமா? – மாணவி, பருத்தித்துறை

ப: பழகலாம். 1 கட்டைச் சுருதியில் (C கட்டையே ச), சங்கராபரண சுரங்களில் தொடங்குங்கள். எல்லாம் வெள்ளைக் கட்டைதான். இடது கையின் சிறுவிரல் ச, நடுவிரல் க, பெருவிரல் ப. அதே ஸ்தாயியில் வலது கை ரி, ம, த. இரண்டு கையும் முட்டும், எல்லாருக்கும் முட்டும். இடது கையைக் கட்டைகளின் வெளி ஓரத்தில் தாழ்த்தி, வலது கையை அதற்கு மேலால் கறுப்புக் கட்டைகளுக்கு இடையே நீட்டுங்கள். வலது பெருவிரல் குட்டை, உள்ளே எட்டாது. சுட்டுவிரல், நடுவிரல், சிறுவிரலால் வாசியுங்கள். ச-ரி-க-ம-ப-த என்று இடம் வலமாக, முதலில் மெதுவாக. ஒரு கை அழுத்தமாகவும் மற்றது மெல்லவும் விழுந்தால் சுரவரிசை நொண்டும். அப்போது வேகத்தைக் கூட்டாமல் மெல்ல விழும் கையைத் தனியே பழக்குங்கள்.

நாதத்தை நீட்டும் பெடலை மிதித்தபடியே இருந்தால் ச-வும் ரி-யும் குழைந்து சேறாகிவிடும். ஒவ்வோர் அடிக்கும் எடுத்து மிதியுங்கள். கீபோர்ட்டின் தாளப் பொத்தானைத் தொடவே வேண்டாம். இந்த நடை ஓரிடத்தில் இழுபடும், ஓரிடத்தில் விரைந்தோடும். பெட்டித் தாளம் அதற்கு வளையாது. பாடுபவருக்குச் சுருதி மாற்ற டிரான்ஸ்போஸ் பொத்தான் போதும், விரலை இடம் மாற்றாதீர்கள்.

கே: ஆர்மோனியத்தில்? – வாசகர், சாவகச்சேரி

ப: கைப்பெட்டியில் ஒரு கை துருத்திக்குப் போய்விடும். கால் ஆர்மோனியத்தில் இரு கையும் கிடைக்கும். ஆனால் மீட்டிய தந்தியின் நாதம் தானாகத் தேய்வதைப்போல் அதன் ஒலி தேயாது. கட்டையைத் தொட்டதும் விரலை எடுத்தால் ஓரளவு கிட்ட வரும்.