பயோட்டின் மாத்திரையும் பயமுறுத்தும் தைராய்டு ரிப்போர்ட்டும்

கேள்வி: எனக்கு வயது 34. முடி கொட்டுவதற்காக மூன்று மாதமாக தினமும் பயோட்டின் 10 மி.கி. மாத்திரை போடுகிறேன். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.06, ஃப்ரீ டி4 3.2 என்று வந்திருக்கிறது. படபடப்பு, கைநடுக்கம், எடைக் குறைவு எதுவும் இல்லை. தைராய்டு அதிகம் சுரக்கிறது, கார்பிமசோல் ஆரம்பிக்கலாம் என்கிறார் மருத்துவர். ஆரம்பிக்கட்டுமா?

பதில்: பயோட்டின் போடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அதுதான். தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மறுபரிசோதனை முடியும்வரை வேண்டாமே என்று அவரிடமே கேளுங்கள். இந்த எண்கள் உங்கள் தைராய்டைக் காட்டுகின்றனவா, நீங்கள் விழுங்கிய மாத்திரையைக் காட்டுகின்றனவா என்பது இப்போதைக்குத் தெரியாது.

பயோட்டின் என்பது வைட்டமின் பி7. உடலில் கார்பாக்சிலேஸ் வகை என்சைம்கள் வேலை செய்ய இது வேண்டும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். உங்கள் மாத்திரையில் இருப்பது 10,000 மைக்ரோகிராம், அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். உடலுக்கு இதனால் பெரிய கேடு இல்லை, மிச்சம் சிறுநீரில் போய்விடும். ஆனால் போவதற்கு முன் ரத்தம் எடுத்தால் லேப் மெஷின் குழம்பும்.

காரணம், பல மெஷின்கள் பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்தால் லேசில் விடாது. (பச்சை முட்டை வெள்ளைக்கருவில் உள்ள அவிடினும் அதே ரகம். அதனால்தான் பச்சை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் நிறையக் குடிப்பவர்களுக்கு பயோட்டின் குறைபாடு வரும். வேகவைத்தால் அந்தப் பிடி போய்விடும்.) டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்கும்போது இரண்டு ஆன்டிபாடிகள் ஹார்மோனை இருபுறமும் கவ்வுகின்றன. ஒன்றில் பயோட்டின் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ஒளிரும் பொருள். இந்தக் கூட்டு, ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய காந்தத் துகளில் போய் ஒட்டும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, மிஞ்சிய ஒளியை மெஷின் அளக்கும். உங்கள் ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் முந்திப்போய் அந்தத் துகள்களில் இடம் பிடித்துவிட்டால், ஹார்மோனைச் சுமந்த கூட்டும் கழுவலில் போய்விடும். ஒளி குறையும், டி.எஸ்.எச். குறைவு என்று ரிப்போர்ட் வரும்.

ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) பரிசோதனையில் கணக்கு தலைகீழ். அது போட்டி முறை: ரத்தத்தில் உள்ள ஹார்மோனும் லேப் சேர்க்கும் ஹார்மோனும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டியிடும், அதனால் ஒளி குறைந்தால் ரத்தத்தில் ஹார்மோன் அதிகம் என்று பொருள். எனவே ஒரே தவறு டி.எஸ்.எச்.ஐக் கீழே இறக்கி, டி4ஐ மேலே ஏற்றுகிறது. தைராய்டு மிகைச் சுரப்பின் அசல் அடையாளமும் இதேதான். கிரேவ்ஸ் நோய்க்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டை அதிகம் சுரக்க வைக்கும் நோய்) பார்க்கும் டி.எஸ்.எச். ஏற்பி ஆன்டிபாடியும் இதே வகை மெஷினில் பொய்யாக ஏறிக் காட்டலாம். மூன்றும் ஒத்துப்போகின்றனவே என்று நம்பிவிடுவது எளிது.

இப்போது செய்ய வேண்டியது: பயோட்டினை நிறுத்துங்கள். குறைந்தது 2 நாள் இடைவெளி வேண்டும், 3 நாள் விட்டால் நிம்மதி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயோட்டின் வெளியேறத் தாமதமாகும், எத்தனை நாள் என்று மருத்துவரைக் கேளுங்கள். பிறகு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் மறுபடி எடுங்கள். முடி மாத்திரை, நக மாத்திரை, சருமத்துக்கான கம்மி (gummy) மிட்டாய் என்று வேறு ஏதாவது சாப்பிட்டால் அதன் லேபிளையும் பாருங்கள். ‘வைட்டமின் எச்’, ‘டி-பயோட்டின்’ என்றெல்லாம் இருப்பதும் இதுவே. மி.கி.யா, மைக்ரோகிராமா என்பதைக் கவனித்துப் படியுங்கள். சாதாரண பி-காம்ப்ளெக்ஸில் உள்ள சில பத்து மைக்ரோகிராம் பொதுவாக இந்தத் தொல்லை தராது.

எல்லா லேப்பிலும் இப்படி ஆகாது. பயோட்டின் பசை இல்லாத மெஷின்கள் உண்டு, இருப்பவற்றிலும் பல இப்போது கூடுதல் அளவைத் தாங்கும்படி மாற்றப்பட்டுள்ளன. ரிப்போர்ட்டின் அடியில் முறையைப் போட்டிருப்பார்கள். இ.சி.எல்.ஐ.ஏ. (ECLIA, பெரும்பாலும் இந்தப் பயோட்டின் பசையைப் பயன்படுத்தும் முறை) என்றிருந்தால் சந்தேகம் வலுக்கும். சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரலுக்கு) போன்ற பரிசோதனைகளை நினைத்துக் கலங்க வேண்டாம். எஸ்.ஜி.பி.டி.யில் என்சைம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை 340 நானோமீட்டர் ஒளியில் பார்க்கிறார்கள், அங்கே பயோட்டின் பசைக்கு வேலையில்லை.

மறுபரிசோதனையிலும் அதே எண்கள் வந்தால் நோய் உண்மை என்று எடுத்துக்கொண்டு சிகிச்சைக்குப் போங்கள். முடி கொட்டுவதே தைராய்டு மிகையின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், மாத்திரையின் மீது பழியைப் போட்டுவிட்டு சும்மா இருந்துவிடக் கூடாது. இடையில் ஓய்வில் இருக்கும்போதே நாடித்துடிப்பு 100ஐத் தாண்டினாலோ படபடப்பு வந்தாலோ மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள். நோய் இல்லாதவர் கார்பிமசோல் சாப்பிட்டால் நல்ல தைராய்டும் மந்தமாகும். அரிதாக வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும்.

இரண்டு பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயோட்டினிடேஸ் குறைபாடு (பயோட்டினை உடல் மறுபடி பயன்படுத்த முடியாத பிறவிக் கோளாறு) உள்ள குழந்தைகளுக்கு பயோட்டின்தான் மருந்து, பரிசோதனைக்காக அதை நிறுத்தவே கூடாது. லேப்பிடம் சொல்லி வேறு முறையில் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சுவலியோடு அவசர சிகிச்சைக்குப் போகிறவர், பயோட்டின் சாப்பிடுவதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் டி.எஸ்.எச். போலவே இரண்டு ஆன்டிபாடிகள் இருபுறமும் கவ்வும் சாண்ட்விச் முறை, பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் இப்படி ஒரு மரணத்தைக் குறிப்பிட்டிருக்கிறது.