எம்340ஐ சரி, பின் சீட்டில் அம்மா எப்படி?

வணக்கம் சார். வீடு கே.கே.நகர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா, அடிக்கடி திருநெல்வேலிப் பயணம். இதற்கு பிஎம்டபிள்யூ எம்340ஐ கார் ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

எஞ்சினில் குறையே இல்லை. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 4.4 நொடியில் 100 கிலோமீட்டர் வேகம். சிக்கல் பின் சீட்டில்தான். நடுவில் தரை மேடாக இருக்கும். இரண்டு ஓரத்திலும் சைல்டு சீட் மாட்டினால் நடுவில் பெரியவர் உட்கார வழியே இல்லை. அம்மாவை முன்னால் உட்கார வைத்தால் உங்கள் வீட்டம்மா எங்கே போவார்?

பிள்ளைகள் சைல்டு சீட் வயதைத் தாண்டியிருந்தால் நான் அதே பிஎம்டபிள்யூவில் நீளமான 330எல்ஐ-யைத்தான் சொல்வேன். முன், பின் சக்கர இடைவெளி எம்340ஐ-யைவிட 110 மில்லிமீட்டர் கூடுதல், கால் நீட்டலாம். 100-ஐத் தொட 6.2 நொடி. கப்பலூர் டோல்கேட் தாண்டி மிதித்தாலும் எதிர்த்திசையில் ஒரு பைக் வரத்தான் போகிறது, அந்த வித்தியாசம் எதற்கு?

இரண்டுமே தாழ்வான வண்டி. ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் அடி தட்டுகிறதா என்று பாருங்கள். அம்மா தானாக ஏறி இறங்கட்டும், அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.