மருந்தின் அளவும் அது உடலுக்குள் செல்லும் வழியும்: மருந்தாளுநரின் பதில்கள்

பாலக்காடு, கோவை எல்லைப்புற ஊர்களின் வாசகர்கள் கேட்டவை இவை.

வேலந்தாவளம் வாசகி: மூத்த குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் ஐந்து மில்லி கொடுப்பேன். அது தீர்ந்துவிட்டால், தம்பிக்கு வாங்கிய டிராப்ஸை அதே அளவு கொடுக்கலாமா?

கூடாது, அம்மா. பாராசிட்டமால் சிரப்பில் பெரும்பாலும் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் மருந்து இருக்கும். டிராப்ஸிலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராமே போதும் என்றிருக்க, ஐந்து மில்லி டிராப்ஸ் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: கோவை டாக்டர் காய்ச்சலுக்கும், பாலக்காடு டாக்டர் மூட்டுவலிக்கும் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பெயர் வேறு என்பதால் இரண்டையும் சாப்பிடலாமா?

அட்டையின் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தைப் பாருங்கள். காய்ச்சல் மாத்திரையில் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலும், டிரமடால் கலந்த வலி மாத்திரையில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருப்பது சாதாரணம். ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு நான்கு கிராம்தான் உச்ச வரம்பு. தொடர்ந்து மது அருந்துபவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதுவே அதிகம். வரம்பு மீறினால் கல்லீரலில் உருவாகும் நச்சுப்பொருளை முறிக்கும் குளூட்டாதயோன் தீர்ந்துபோகும். முதல் நாள் லேசான குமட்டலோடு நின்றுவிடுவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள் என்பதே என் பெருங்கவலை. அந்த நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் மிக நன்றாக வேலை செய்யும். தாமதமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள்.

சித்தூர் வாசகர்: புற்றுநோயால் அவதிப்படும் என் தந்தையாருக்கு மார்ஃபின் மாத்திரை தந்தார்கள், இப்போது ஃபென்டனில் பேட்ச் ஒட்டுகிறோம். மாத்திரையைவிட இது பாதுகாப்பானதா?

வழி மாறினால் அபாயமும் மாறும். வாய்வழி செல்லும் மார்ஃபின் கல்லீரலைக் கடந்து இரத்தத்தைச் சேர்வதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. அதனால் நரம்பூசியில் அதன் மூன்றில் ஒரு பங்கே ஏறக்குறைய அதே பலனைத் தரும், அதுவும் சில நிமிடங்களில். பேட்ச் இதற்கு நேர்மாறு. மருந்து தோலினூடே மெல்ல இறங்கி முழு வேகம் பிடிக்க அரை நாளுக்கு மேல் ஆகும். வலி உடனே குறையவில்லையே என்று இன்னொன்றை ஒட்டினால் இரண்டும் சேர்ந்து பிறகு தாக்கும். வெந்நீர்ப் பையும் கடும் காய்ச்சலும் மருந்தை வேகமாக உள்ளிழுக்கும். கழற்றிய பின்பும் தோலடியில் தங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். பயன்படுத்திய பேட்சிலும் மருந்து மிச்சம் இருப்பதால் பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். சில நாட்கள் மருந்து நின்றுபோயிருந்தால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்க வேண்டாம். உடலின் பழக்கம் குறைந்துவிட்டிருக்கும். கேரளத்தில் வீடு தேடி வரும் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) நர்ஸிடம் இதையெல்லாம் கூச்சமின்றிக் கேளுங்கள்.

கோபாலபுரம் வாசகி: மாமியாருக்கு விழுங்க முடிவதில்லை. எஸ்.ஆர். (மருந்தை மெல்ல வெளியிடும்) மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளியாக வேண்டியது, மதகைத் திறந்தாற்போல் ஒரேயடியாக வெளிப்படும். திரவ வடிவம் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்து அதிகமாகிவிட்டது என்பதை எப்படி அறிவது?

தட்டி எழுப்பியும் விழிக்காத தூக்கம், நிமிடத்துக்குச் சில தடவை மட்டுமே வரும் மூச்சு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சு நின்றால் ஆம்புலன்ஸ் ஊழியர் போனில் சொல்வதைச் செய்யுங்கள். இம்மருந்துகளை முறிக்கும் நாலாக்ஸோன் ஊசிக்குப் பின் விழித்தாலும் அதன் பலன் ஒரு மணி நேரத்துக்குள் தேய்ந்து மூச்சு மறுபடி தளரலாம் என்பதால், டாக்டர் அனுப்பும்வரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். மாத்திரை அட்டைகள், பாட்டில்கள், பேட்ச் உறை எல்லாவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.