இன்னொரு மன்றோ

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டுக்கு ஸ்காட்லாந்து வந்திருக்கிறேன். ஆல்னெஸ் பக்கம் ஃபைரிஷ் குன்றின் உச்சியில் வளைவு வளைவாக ஒரு கட்டடம். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலைப் பார்த்து மன்றோ கட்டினாராம். நான் பிறந்தது நாகை. அங்கே கோட்டையே இல்லையே! சென்னையில் குதிரைமேல் இருக்கும் மன்றோவா இவர்?

கு.

அன்புள்ள கு.,

இல்லை. தீவுத்திடல் அருகே அங்கவடி இல்லாத குதிரையில் இருப்பவர் தாமஸ் மன்றோ, விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறைக்காரர். உங்களவர் ஹெக்டர் மன்றோ.

ஹெக்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1764 பக்சார் போர். அதற்குக் கொஞ்சம் முன்னால், அடங்க மறுத்த சிப்பாய்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தார். ‘போரில் எங்கள் இடம் வலப்பக்கம்தான், வலப்பக்கப் பீரங்கிகளிலேயே கட்டுங்கள்’ என்று அவர்களில் சில கிரனேடியர்கள் (பொறுக்கியெடுத்த வீரர்கள்) கேட்டார்களாம். இந்தத் தண்டனையைப் பற்றிப் பின்னாளில் பாராளுமன்றக் குழுவிடம் சொன்னவரே மன்றோதான்.

1768 முதல் 1802 வரை ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ் பர்க்ஸ் தொகுதிக்குப் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர். நடுவில் சில வருஷம் சென்னை ராஜதானியில் படை நடத்தினார், பதவி போகவில்லை. தொகுதி இன்வெர்னெஸில், ஆள் காஞ்சிபுரத்தில்!

அந்தக் காஞ்சிபுரம்தான் அவர் பெயரைக் கெடுத்தது. 1780 செப்டம்பரில் குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி ஒரு கம்பெனிப் படையோடு மன்றோவுடன் சேர வந்துகொண்டிருந்தார். மன்றோ இருந்த இடத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு நாள் நடைதான். காஞ்சியில் சேர்த்து வைத்திருந்த உணவுப் பொருளை விட்டு நகர மன்றோவுக்கு மனமில்லை. உதவிக்குக் கொஞ்சம் பேரை மட்டும் அனுப்பினார். 10ஆம் தேதி புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியை வளைத்துக்கொண்டார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததோடு கதை முடிந்தது. மன்றோ கிளம்பியபோது நேரம் தப்பிவிட்டது. அப்புறம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். எதைக் காக்க உட்கார்ந்திருந்தாரோ அதுவும் மிஞ்சவில்லை.

மறுவருஷம் நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊருக்குப் போனவர் குன்றின்மேல் எந்த ஊரை நிறுத்துவார், சொல்லுங்கள்!

அந்த வட்டாரத்தில் வேலையில்லாமல் திண்டாடியவர்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று கட்டியதாகச் சொல்வார்கள். மேலே ஏற்றிய கற்களைத் தானே கீழே உருட்டிவிட்டு, மறுபடி ஏற்ற வைத்துக் கூலி கொடுத்தாராம். நம்புவது உங்கள் இஷ்டம். மேலே ஏறினால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.