டைரக்டர் ஆக வேண்டும் என்கிற மகளுக்கு முதலில் ஒரு கைத்தொழில்

அம்மா, வணக்கம்.

உங்கள் மெயிலைப் படித்தேன். மகள் இந்த வருடம் விஸ்காம் முடிக்கிறாள், டைரக்டர் ஆவதென்று முடிவு செய்துவிட்டாள், அதிலும் “விருதுக்குப் போகிற படம்தான் எடுப்பேன், மசாலா பக்கமே போக மாட்டேன்” என்கிறாள். அவள் அப்பாவோ, எடுப்பது என்று ஆகிவிட்டால் நாலு காசு வருகிற படமாக எடுக்கட்டுமே என்கிறார். வீட்டில் சண்டையே இதைப் பற்றித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். படம் கொடுக்க யாராவது முன்வந்த பிறகு போட வேண்டிய சண்டை இது. அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

இரண்டு பேருக்கும் பாலு மகேந்திராவின் கதையைச் சொல்லுங்கள். ‘வீடு’ (1988) எடுத்தவர் என்றுதான் உங்கள் மகளுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பாட்டே இல்லாத படம். வேலைக்குப் போகிற ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் கதை. தேசிய விருது வாங்கியது. அதற்கு மூன்று வருடம் முன்னால் ரஜினிகாந்தை வைத்துப் படம் எடுத்தவரும் அவர்தான். 1987-இல் ‘ரெட்டை வால் குருவி’ எடுத்துச் சிரிக்க வைத்தவர், 1995-இல் கமலோடு ‘சதி லீலாவதி’யில் திரும்பவும் சிரிக்க வைத்தார். கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ (2013) மறுபடி மிகச் சின்னப் படம். ஆக, ஒரு பக்கம் சேர்ந்துவிட்டு மறு பக்கத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டவர் இல்லை.

இப்படிப் போய்வர அவரால் எப்படி முடிந்தது? உங்கள் மகளுக்கு உதவப்போவது இந்த இடம்தான். புனே திரைப்படக் கல்லூரியில் அவர் படித்தது ஒளிப்பதிவு, இயக்கம் அல்ல. 1977-இல் கன்னடத்தில் ‘கோகிலா’வை முதல் படமாக இயக்கியபோது அவருக்கு வயது 38. அதுவரை கேமராதான் சோறு போட்டது. டைரக்டர் ஆன பிறகும் கேமராவைக் கீழே வைக்கவில்லை. ‘முள்ளும் மலரும்’, ‘சங்கராபரணம்’, மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’ எல்லாம் மற்ற இயக்குநர்களுக்கு அவர் ஒளிப்பதிவு செய்தவை. தன் படம் கையில் இல்லாத நாட்களிலும் வேலை இருந்தது. ‘வீடு’ மாதிரி ஒரு படத்தை எடுக்கும்போது திரைக்கதை, கேமரா, எடிட்டிங், இயக்கம் நாலையும் அவரே பார்த்துக்கொண்டார். மூன்று பேர் சம்பளம் மிச்சம். பட்ஜெட் சின்னதாக இருந்தால்தான் பாட்டு வை, சண்டை வை என்று யாரும் நெருக்க மாட்டார்கள்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. டொரோண்டோ திரைப்பட விழாவுக்கும் போய், 2015-இல் தியேட்டரிலும் நன்றாக ஓடிய ‘காக்கா முட்டை’யை எடுத்த மணிகண்டன், கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தப் படத்துக்குக் கேமராவும் அவரே. பிறகு ‘கடைசி விவசாயி’க்கும் அவரேதான்.

அதனால் என் யோசனை: பட்டப்படிப்பு முடிந்ததும் புனேவுக்கும் கொல்கத்தா சத்யஜித் ரே கல்லூரிக்கும் விண்ணப்பிக்கட்டும். இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள். எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் இடம் மிகக் குறைவு. டைரக்‌ஷன் பிரிவை மட்டும் குறி வைக்காமல் எடிட்டிங்கையும் ஒளிப்பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவள் அனுப்பிய குறும்படத்தைப் பார்த்தேன். கேமரா சுமார்தான். ஆனால் பஸ் ஸ்டாண்ட் காட்சியில் அந்தப் பாட்டி திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டியிருக்கிறாளே, அது எடிட்டருக்கான கண். எடிட்டிங் என்றால் விளம்பரம், வெப் சீரிஸ், டி.வி. என்று பிழைக்க வழி உண்டு. டைரக்‌ஷன் மட்டும் தெரிந்தவருக்கு அப்படி இல்லை.

சீட் கிடைக்காவிட்டால் உதவி இயக்குநர் வழி இருக்கிறது. பாலு மகேந்திராவிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்தான் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி. ஆனால் அந்த வேலை என்னவென்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹீரோ டீ குடிக்கிற காட்சியைக் காலையில் எடுப்பார்கள். அதற்கு குளோசப் மத்தியானம் வரும். டம்ளரில் டீ எவ்வளவு இருந்தது, சட்டையில் மேல் பட்டன் போட்டிருந்ததா, வாட்ச் எந்தக் கையில் என்று பட்டென்று சொல்ல வேண்டியது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் எதுவும் மாறாமல், பார்க்கிற உதவியாளர். தப்பாகச் சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் திட்டு விழும். அப்புறம் பணம். ஷூட்டிங் இருந்தால் பேட்டா என்கிற தினப்படி, இல்லாவிட்டால் அதுவும் சந்தேகம். கதை டிஸ்கஷன் என்ற பெயரில் மாதக்கணக்கில் சும்மா உட்கார வைக்கிற கம்பெனிகளும் உண்டு. சென்னையில் தங்கி இதில் தாக்குப்பிடிக்க வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் போக வேண்டும். எத்தனை வருடம் உங்களால் அனுப்ப முடியும் என்பதை நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து பேசி அவளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் என்றால் மூன்று வருடம்.

“பெண் பிள்ளைக்கு இது சரிவருமா” என்றும் கேட்டிருந்தீர்கள். சுதா கொங்கரா மணிரத்னத்திடம் உதவியாளராக இருந்தவர். முதல் தமிழ்ப் படம் ‘துரோகி’ 2010-இல் வந்தது. அடுத்தது ‘இறுதிச்சுற்று’, 2016-இல். சரிவரும், அம்மா. நடுவில் இருக்கிற அந்த ஆறு வருடத்தையும் சேர்த்தே யோசியுங்கள். ராத்திரி ஷூட்டிங் முடிந்தால் வண்டி அனுப்புகிறார்களா, வெளியூர் ஷெட்யூலில் தங்க வைக்கும் அறை எப்படி என்பதை வேலைக்குச் சேருமுன் அவளே கேட்க வேண்டும். நீங்கள் போன் போட்டுக் கேட்டால் எடுபடாது.

கடைசியாக, அவள் அப்பா விசாரித்து வைத்திருக்கிற தனியார் டைரக்‌ஷன் கோர்ஸ். அவ்வளவு ஃபீஸ் கட்டுமுன் அங்கே போய், போன வருடம் முடித்த மாணவர்கள் எடுத்த படங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற பிரபலங்களின் போட்டோ வேண்டாம், மாணவர்கள் எடுத்த படம். ஒரு மாணவருக்கு எத்தனை நாள் கேமரா கையில் கிடைக்கும் என்றும் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் சொன்னால் அட்வான்ஸ் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.